பேஸ்போல் ஸ்ரைக்கும் யோகமலரின் சந்தனத் தட்டமும்

என் மனைவி யோகமலர் பேஸ்போல் பைத்தியம் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "சிறி அண்ணை, உங்களுக்குத்தான் உது விருப்பமாயிருக்கும். அக்கா சும்மா பக்கத்தில இருந்து பார்க்கிறவா" என்று தாங்களாகவே திருத்திக்கொள்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கு அந்த விளையாட்டில் துளி விருப்பமும் கிடையாது. நான் கிரிக்கெற் ஆள். கல்லூரியில் இரண்டாம் அணிக்கு விக்கெற் காத்தவன். ஒருவன் தடியை மூன்று தரம் சும்மா காற்றில் வீசிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போகிறான், அதற்கு ஐம்பதினாயிரம் சனம் எழும்பி நின்று கைதட்டுகிறது. உது என்ன கண்றாவி விளையாட்டு என்று நான் இன்றைக்கும் கேட்பேன். யோகமலர் இன்றைக்கும் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாள்.

அவளுக்கு இந்த வருத்தம் தொற்றியது லோண்ட்ரியில். ஸ்காபரோவில் மிட்லண்ட் றோட்டுப் பக்கம், ஹொட்டேல்களின் படுக்கை விரிப்பு, மேசைத்துணி, துவாய் எல்லாவற்றையும் தோய்த்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கொடுக்கும் பெரிய லோண்ட்ரி அது. நாங்கள் கனடாவுக்கு வந்து இரண்டாம் வருசமே அங்கே மடிப்புப் பகுதியில் சேர்ந்தாள். அலுமாரிக்கு மேலே ஒரு றேடியோ. சித்திரை தொடங்கி ஐப்பசி மட்டும் அதில் பேஸ்போல் வர்ணனைதான். என் மனைவிக்கு அப்போது இங்கிலிஷ் அவ்வளவாக ஓடாது. அவளுக்கு எதிரே நின்று விரிப்பின் மற்ற முனையைப் பிடித்தவள் மரியா என்ற போர்த்துக்கீசக்காரி. ஒரு நாள் மத்தியான இடைவேளையில் மரியா நாலு நப்கினை நாலாக மடித்து, மேசையில் சதுரமாக வைத்து, தேத்தண்ணிக் கோப்பையின் மூடியை ஆட்டக்காரனாக்கி ஓட விட்டுக் காட்டினாளாம். அன்றைக்குப் பிடித்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையைக்கூடச் சும்மா துடைக்க முடியாது. பேணி, கரண்டி, உப்புப் போத்தல் எல்லாம் களத்தில் நிற்கும்.

சும்மா சொல்லக்கூடாது, அவள் பிடித்த நேரமும் நல்ல நேரம். தொண்ணூற்றிரண்டில் ரொறொன்ரோ உலகக் கிண்ணத்தை எடுத்தது, தொண்ணூற்று மூன்றில் மறுபடியும் எடுத்தது. கடைசி அடி வேலிக்கு மேலால் போனபோது அவள் பல்கனிக்கு ஓடி, வெள்ளிக்கிழமைக்கு வாங்கி வைத்திருந்த தேங்காயை நிலத்தில் அடித்து உடைத்தாள். கீழ்மாடிப் பல்கனிக்குத் தண்ணீர் ஒழுகி, மறுநாள் கட்டிடத்தைப் பார்க்கிற சுப்பர் வந்து கதவைத் தட்டினான். அவனும் பேஸ்போல் விசரன் என்றபடியால் தப்பினோம். பாதித் தேங்காயைக் கையில் கொடுத்து அனுப்பினாள்.

என் வேலையும் அந்த விளையாட்டோடுதான் ஒட்டியிருந்தது. அவர்கள் ஆடுகிற ஸ்கைடோம் அரங்குக்குக் கிட்ட ஒரு பார்க்கிங் லொட்டில் கார்களுக்கு இடம் காட்டுகிறவன் நான். ஆட்டம் உள்ள நாளில் லொட் நிரம்பி வழியும். ஒரு கைக்கும் மற்றக் கைக்கும் ஓய்விருக்காது. ஆட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது, ஜெயித்தால் சனம் கோர்ன் அடித்துக்கொண்டு போகும், தோற்றால் என்னைத் திட்டிக்கொண்டு போகும் என்பதுதான்.

தொண்ணூற்று நாலு ஓகஸ்ட்டில் ஆட்டக்காரர் சம்பளத் தகராறில் ஸ்ரைக் அடித்தார்கள். நடுச் சீசனில், ஒரு வெள்ளிக்கிழமை, எல்லா ஊரிலும் எல்லா ஆட்டமும் நின்றுபோனது. என் லொட்டில் புறா மேய்ந்தது. இரண்டாம் கிழமை முதலாளி என் ஷிப்ற்றை வெட்டினான். நான் வீட்டுக்கு வந்து தொப்பியைக் கதிரையில் எறிந்தேன்.

"உவங்களுக்கு என்ன குறை? பந்தடிக்கிறதுக்கு மில்லியன் கணக்கில வாங்குறாங்கள். இப்ப ஸ்ரைக்காம் ஸ்ரைக்! என்ர ஷிப்ற்றல்லோ போச்சு!"

யோகமலர் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"உங்கட ஷிப்ற்றை வெட்டினது ஆர்? பந்தடிக்கிறவனோ, லொட் முதலாளியோ?"

"ஆட்டம் இல்லாட்டி அவன் என்ன செய்வான்?"

"ஆட்டம் இல்லாட்டி ஆட்டக்காரனுக்கும் சம்பளமில்லை. அவனும் உங்களைப் போலத்தான் இப்ப வீட்டில இருக்கிறான்."

"என்னைப் போலயோ! அவன் நீச்சல் குளத்துக்குப் பக்கத்திலயெல்லோ இருக்கிறான்!"

"இருக்கட்டும். அங்கால தள்ளி நில்லுங்கோ, செதில் பறக்குது."

அவளுக்குக் கோபமில்லை என்று நினைக்க வேண்டாம். அந்த வருச உலகக் கிண்ணமே கிடையாது என்று புரட்டாதியில் அறிவித்த அன்று, இரவுச் சாப்பாட்டுக்கு அவள் இருக்கவில்லை. "ரெண்டு பகுதியும் எங்களை நினைக்கேல்லை. ஒருத்தனும் நினைக்கேல்லை" என்று சொல்லி அழுதாள். என் தகப்பனின் செத்தவீட்டுச் செய்தி வந்தபோதுகூட அப்படி அழவில்லை என்று வாயை விட்டு, அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னாள்: "எனக்கு அவங்களில கோவம் இருக்கு. அதுக்காக அவங்கள் கேக்கிறது பிழையெண்டு சொல்ல மாட்டன். முதலாளிமார் தங்களுக்குத் தாங்களே ஒரு வரம்பு கட்டேலாமல், தொழிலாளியின்ர சம்பளத்துக்கு வரம்பு கட்ட வெளிக்கிட்டவை. அதுதான் சங்கதி."

எனக்கு அப்போது அவளை உலுப்பி, "இஞ்சேரும், நீர் மடிக்கிறது படுக்கை விரிப்பு, அவன் படுக்கிறது மாளிகையில" என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினேன்தான். அவள் காதில் விழுத்தவில்லை. அந்த மாரியில் ஐஸ் ஹொக்கியும் நின்றது. அது ஆட்டக்காரர் நிறுத்தியதில்லை, முதலாளிமார் கதவைப் பூட்டியது. எங்கள் வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளுக்கு ஸ்ரைக் வேறு, லொக்கவுட் வேறு என்று யோகமலர் றோல்ஸ் தட்டோடு நின்று விளங்கப்படுத்துவாள். வந்தவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

தொண்ணூற்றைந்து மாசியில் முதலாளிமார் ஒரு வேலை பார்த்தார்கள். ஸ்ரைக் அடித்தவர்களின் இடத்துக்கு மாற்று ஆட்டக்காரரைப் பிடித்தார்கள். ஒருவன் லொறி ஓட்டியவன், ஒருவன் பள்ளிக்கூட வாத்தி, ஒருவன் பத்து வருசத்துக்கு முன் ஆடிவிட்டு வயிறு வைத்தவன். அவர்களுக்கு எங்கள் ஊர்ச் சட்டையைப் போட்டு, எங்கள் ஊர்த் தொப்பியைக் கொடுத்து, புளோரிடாவில் சீசனுக்கு முந்திய பயிற்சி ஆட்டங்களில் ஆட விட்டார்கள். ஆனால் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் அப்போது ஒரு சட்டம் இருந்தது. ஸ்ரைக் நேரத்தில் மாற்றாள் வைத்து வேலை செய்விக்கக் கூடாது. ஆகவே சீசன் தொடங்கினாலும் இவர்கள் ரொறொன்ரோவில் ஆட முடியாது, புளோரிடாவிலேயே ஆடித் தொலையட்டும் என்று பேச்சு வந்தது. என் ஷிப்ற்றுக்கு மறுபடியும் மண். "என்ன மசிர்ச் சட்டம்!" என்றேன். "நல்ல சட்டம்" என்றாள் அவள்.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் லோண்ட்ரியில் சுப்பவைசர் றேடியோவைப் போட்டானாம். புளோரிடாவில் மாற்று ஆட்டக்காரரின் ஆட்டம். யோகமலர் ஸ்ரூலை இழுத்து வைத்து, ஏறி, றேடியோவை நிறுத்தினாள். என்ன விசயம் என்று அவன் கேட்க, "தட் நொட் அவர் ரீம்" என்று சொல்லிவிட்டு இறங்கி விரிப்பின் முனையைப் பிடித்தாள். மரியா கைதட்டினாளாம். அவளோடு வேலை செய்யும் மன்னார்க்காரி றோசலின்தான் எனக்கு இதைச் சொன்னது. "அண்ணை, சுப்பவைசருக்கு முகம் கறுத்துப் போச்சு. திருப்பிப் போடுங்கோ எண்டு சொன்னான். ஒருத்தரும் போகேல்லை. அவனும் ஸ்ரூலில ஏற வெக்கப்பட்டு விட்டிட்டான்." நான் "உம்" என்றேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, அதை றோசலினுக்குக் காட்டவில்லை.

சித்திரையில் ஸ்ரைக் முடிந்தது. மாற்று ஆட்டக்காரரை மூட்டை கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள், உண்மை ஆட்டக்காரர் வந்தார்கள். சனம் கோபத்தில் ஸ்கைடோமுக்கு வரவில்லை. யோகமலர் றோசலினையும் இழுத்துக்கொண்டு முதல் ஆட்டத்துக்கே போனாள். ஆட்டக்காரர் களத்துக்குள் வந்தபோது எழும்பி, வாயில் கையை வைத்து ஒரு தரம் "ஊ" என்று கத்தினாளாம். பிறகு இருந்து, ஆட்டம் முடியும்வரை கைதட்டினாளாம்.

இனி அவளுடைய ஸ்ரைக்குக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

அந்த வருசம் மாகாணத்தில் ஆட்சி மாறியது. கார்த்திகையில் புதிய அரசாங்கம் அந்த மாற்றாள் சட்டத்தைத் தூக்கி எறிந்தது. எங்கள் அப்பார்ட்மென்ற்றில் ஒருவரும் கவனிக்கவில்லை. யோகமலர் செய்தியைக் கேட்டுவிட்டு, "சரி. இனி புளோரிடா இஞ்ச வரும்" என்றாள். நான் அந்த ஊர் வெயிலைச் சொல்கிறாளாக்கும் என்று நினைத்தேன்.

தைமாசம் வந்தது. லோண்ட்ரி நிருவாகம், மடிப்புப் பகுதியை ஏஜென்சிக்குக் கொடுக்கப் போகிறோம் என்று சொன்னது. அதாவது யோகமலர், மரியா, றோசலின் எல்லாரும் வீட்டுக்கு. அவர்கள் நின்ற இடத்தில் ஏஜென்சி அனுப்பும் ஆட்கள், இன்றைக்கு ஒருவர், நாளைக்கு வேறொருவர். யூனியன் ஸ்ரைக் அடித்தது. மூன்றாம் நாள் விடிய, பனிக்குள் பதாகையோடு நின்றவர்களைத் தாண்டி ஒரு வெள்ளை வான் கேற்றுக்குள் போனது. உள்ளே பெண்கள். சால்வையால் முகத்தை மூடியிருந்தார்கள்.

வானை ஓட்டியவன் குலேந்திரன். என் சித்தப்பாவின் மகன்.

குலேந்திரன் யார் என்று சொல்ல வேண்டும். நாங்கள் வந்து இறங்கியபோது விமான நிலையத்துக்கு வந்தவன் அவன். எங்களுக்கு அப்பார்ட்மென்ற் எடுத்துத் தந்து கையெழுத்து வைத்தவன் அவன். இப்போது ஏஜென்சி வான் வைத்து, புதிதாக வந்த எங்கள் சனத்தை விடிய விடிய ஏற்றி, பக்டரி பக்டரியாக இறக்குகிறவன். வானுக்குள் இருந்தவர்களும் எங்கள் கட்டிடத்துச் சனம்தான். ஒன்பதாம் மாடிப் பூங்கோதை, வெள்ளிக்கிழமைகளில் எங்களோடு றிச்மண்ட்ஹில் கோயிலுக்கு வருகிறவள், அவளும் அதற்குள்.

அன்றைக்கு வரிசையில் நின்ற ஒருவன் வானைப் பார்த்து, உங்கள் நாட்டுக்கே திரும்பிப் போங்கள் என்று கத்தியிருக்கிறான். யோகமலர் அவனுக்கு முன்னால் போய் நின்றாள். தனக்குத் தெரிந்த இங்கிலிஷ் எல்லாவற்றையும் திரட்டி, அவர்களைத் திட்டாதே, அவர்கள் என்னுடைய ஆட்கள், நான் கதைக்கிறேன் என்றாளாம். யூனியன்காரன், கதைத்துப் பார் என்று கையை விரித்தான். அவனுக்கு நம்பிக்கை இல்லை. வான் இப்படியே நாளும் உள்ளே போனால் ஸ்ரைக் அந்த மாசத்தோடு சரி, மடிப்புப் பகுதியும் சரி.

வீட்டுக்கு வந்தவள் ஜக்கெற்றையும் கழற்றாமல் அலுமாரியைக் கிளறினாள்.

"இஞ்சேருங்கோ, எங்கட சந்தனத் தட்டம் எங்க?"

"ஆருக்கு என்ன விசேசம்?"

"வீடு வீடாச் சொல்லப் போறன்."

எங்கள் ஆட்களுக்கு இது விளக்கத் தேவையில்லை. ரொறொன்ரோவில் கலியாணத்துக்குக் கார்ட்டைத் தபாலில் அனுப்பிப் பார்க்கட்டும். ஒரு காகமும் வராது. "தபாலில அனுப்பினவை, எங்களை மதிக்கேல்லை" என்று காலம் முழுக்கச் சொல்லுவார்கள். சந்தனமும் குங்குமமும் தட்டத்தில் வைத்து, வாசலுக்குப் போய், உள்ளே இருந்து, தேத்தண்ணி குடித்து, "கட்டாயம் வரவேணும்" என்று வாயால் சொல்ல வேண்டும். சொன்னால், மற்றவன் சந்தனத்தைத் தொட்டுப் பூசினால், அதற்குப் பிறகு வராமல் விட முடியாது. காய்ச்சலோடும் வருவான்.

"உமக்கு விசரே?" என்றேன். "ஸ்ரைக்குக்கு ஆரும் தட்டம் தூக்கிறதே? குலேந்திரனுக்கு நான் எந்த முகத்தோட முழிக்கிறது? அவன் இல்லாட்டி நாங்கள் எங்க நிண்டிருப்பம்?"

"அதுதான் முதல் அவரிட்டப் போறம். கிட்டின சொந்தத்துக்கு முதல் சொல்லாட்டிப் பிழை."

போகாமல் இருக்க என்ன வழி என்று நான் யோசித்து முடிப்பதற்குள் றோசலின் வந்துவிட்டாள். "நான் வேதக்காரி, எனக்குக் குங்குமம் ஒத்துவராது, ஆனா தட்டம் பிடிப்பன்" என்று சொல்லிச் சிரித்தாள். கார் ஓட நான்தான் இருந்தேன். ஓடினேன்.

குலேந்திரன் வீட்டில் ரீவி ஓடிக்கொண்டிருந்தது. அவனுடைய மனைவி தேத்தண்ணியும் வடையும் கொண்டுவந்தாள். யோகமலர் எழும்பி, தட்டத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். குலேந்திரன் எழும்பி நின்று, மரியாதையாகச் சந்தனத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துவிட்டுத்தான் கேட்டான்:

"ஆருக்கு அண்ணி கலியாணம்? உங்கட மகள் துர்க்காவுக்கு இப்பத்தானே பத்து வயசு?"

"கலியாணம் இல்லைத் தம்பி. வாற திங்கக்கிழமை விடிய லோண்ட்ரி வாசலுக்கு நீர் கட்டாயம் வரவேணும். உம்மட வானில வாற எல்லாரும் வரவேணும். வந்து எங்களோட நிக்கவேணும். உள்ள போகப்படாது."

குலேந்திரனின் கை நெற்றிக்குப் போனது. சந்தனம் காய்ந்துவிட்டது.

"அண்ணி, உது தொழில். நான் விட்டா வேற வான் வரும்."

"அந்த வானுக்கும் தட்டம் கொண்டு போவன். உமக்கு எத்தினை பக்டரி இருக்கு. பேக்கரிக்குக் கொண்டு போம், காளான் பண்ணைக்குக் கொண்டு போம், நான் ஒண்டும் சொல்ல மாட்டன். இந்த ஒரு கேற்றுக்குள்ள மட்டும் போகாதையும். அது என்ர இடம்."

அவன் என்னைப் பார்த்தான். "அண்ணை, நீங்கள் ஒண்டும் சொல்ல மாட்டியளோ?"

"தேத்தண்ணி நல்லாயிருக்கு" என்றேன். வேறென்ன சொல்ல? ஒரு பக்கம் கையெழுத்து வைத்தவன், மறு பக்கம் கட்டினவள்.

அதற்குப் பிறகு இரண்டு பின்னேரம் எங்கள் கட்டிடத்திலும் பக்கத்துக் கட்டிடத்திலும் கதவு கதவாக ஏறினார்கள். நான் கீழே காரில் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருந்தேன். மேலே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வெட்கம்தான். ஒருத்தன் விசர் என்று சொல்லிக் கதவைச் சாத்தினானாம். சாத்திய கதவுக்கு முன்னால் நின்று, உள்ளே கேட்கும்படி, "திங்கக்கிழமை விடிய, கட்டாயம் வரவேணும்" என்று சொல்லிவிட்டு வந்தார்களாம். பூங்கோதை அழுதிருக்கிறாள். "அக்கா, வந்து நாலு மாசம். இதுதான் கிடைச்சது. நான் என்ன செய்ய?" என்று கேட்டாளாம்.

யோகமலர் அவளுக்குச் சொன்னதை றோசலின் காருக்குள் ஏறியதும் அப்படியே ஒப்புவித்தாள். "பிள்ளை, போன வருசம் பேஸ்போலில மாற்று ஆட்டக்காரர் எண்டு கொஞ்சப் பேரைப் பிடிச்சவங்கள். அவையளும் பாவம், உன்னைப் போலத்தான். சட்டையைக் குடுத்து, தொப்பியைக் குடுத்து, நீதான் இனி எண்டு சொன்னவங்கள். ஸ்ரைக் முடிய அடுத்த பிளேனில வீட்டை அனுப்பினவங்கள். அதில ஒருத்தன்ர பேர் சொல்லு பார்ப்பம்? எனக்கே தெரியாது, நான் எல்லாம் கேக்கிறனான். உன்னையும் அப்பிடித்தான் செய்வாங்கள். நீ என்ர எதிரி இல்லை. நீ வந்து எனக்குப் பக்கத்தில நில்லு. முடிஞ்ச பிறகு உன்னை உள்ள எடுக்கச் சொல்லி நான் கேப்பன்."

"சந்தனம் எடுத்தவளோ?" என்று கேட்டேன்.

"எடுத்தவள்" என்றாள் யோகமலர். எடுத்தவர்கள் வருவார்களா என்று அவளுக்கும் தெரியாது. சந்தனம் எடுத்துவிட்டு வராமல் விடுவது எங்கள் ஆட்களில் கேள்விப்படாத விசயம். ஆனால் இப்படி ஒரு விசயத்துக்கு எங்கள் ஆட்களிடம் தட்டம் நீட்டியதும் கேள்விப்படாத விசயம்தானே.

திங்கட்கிழமை விடிய அவளைக் கொண்டுபோய் விட்டேன். பைக்குள் சந்தனத் தட்டத்தோடு பன்னீர்ச் செம்பையும் வைத்திருந்தாள். "விசரி, விசரி" என்று வழி முழுக்கப் புறுபுறுத்தேன். திரும்பிப் போயிருக்கலாம், எனக்கு அன்று வேலை இல்லை. போகவில்லை. தேத்தண்ணி ஃபிளாஸ்க்கை வைத்துக்கொண்டு வேலியோரமாக நின்றேன். குளிர் காதை அறுத்தது. யூனியன்காரன் மணிக்கூட்டைப் பார்த்தான். மரியா இரண்டு கையையும் கோத்துக்கொண்டு ஏதோ செபம் சொன்னாள். யோகமலர் றோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை நான் அறிவேன். கடைசிப் பந்துக்குக் காத்திருக்கும்போது வருகிற முகம்.

வெள்ளை வான் வந்தது. வழமையாக வேகமாக உள்ளே போகும். இன்றைக்கு மெதுவாக வந்து, கேற்றுக்கு இந்தப் பக்கமே நின்றது. கதவு இழுபட்டது. முதலில் ஒரு பனிச் சப்பாத்து இறங்கியது. அதற்கு மேலே அரக்குக் கரை வைத்த பட்டுச் சேலை.

ஐயோ, எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை! பூங்கோதை. காஞ்சிபுரம் உடுத்து, அதற்கு மேல் பெரிய நீல ஜக்கெற் போட்டு, தலையில் பூ வைத்து வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி பச்சைப் பட்டோடு. இன்னொருத்தி, இன்னொருத்தி. தட்டம் வைத்து, வாசலுக்கு வந்து, முறையாகச் சொன்ன இடத்துக்கு வேலை உடுப்போடு போகலாமோ? ஒருத்தி கையில் வெள்ளித்தாள் சுற்றிய பெட்டி. "கையை வீசிக்கொண்டு வரக்கூடாதெண்டு அம்மா சொன்னவ" என்று யோகமலரிடம் நீட்டினாள். பிரித்துப் பார்த்தால் சுவர் மணிக்கூடு. எங்கள் ஆட்களின் எந்த விசேசத்துக்கும் வருகிற அதே சுவர் மணிக்கூடு.

யோகமலர் இரண்டு கையையும் கூப்பி, "வாங்கோ, வாங்கோ" என்றாள். கண்ணால் ஓடத் தொடங்கிவிட்டது. பைக்குள்ளிருந்து தட்டத்தை எடுத்து, மற்றக் கையால் கண்ணைத் துடைத்தாள்.

நான் போய் அதை வாங்கினேன்.

"இஞ்ச தாரும். வாசலில நிண்டு வரவேற்கிறது ஆம்பிளையின்ர வேலை."

சந்தனம் கட்டியாகிப் போயிருந்தது. பன்னீர்ச் செம்பைக் குலுக்கினேன், ஒரு துளி வரவில்லை, உறைந்துவிட்டது. செம்பை ஜக்கெற்றுக்குள் விட்டு, வயிற்றோடு வைத்துச் சூடாக்கினேன். ஸ்ஸ், அந்தக் குளிர் இன்றைக்கும் வயிற்றில் நிற்கிறது! பிறகு இறங்கிய ஒவ்வொருவருக்கும் பன்னீர் தெளித்தேன், சந்தனம் கொடுத்தேன். மரியாவுக்கும் தெளித்தேன். யூனியன்காரன் என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றிவிட்டு நெற்றியைக் காட்டினான். கேற்றுக் காவலாளி வெளியே வந்து, யாருக்குக் கலியாணம் என்று கேட்டான். அவனுக்கும் சந்தனம் கொடுத்தேன்.

கடைசியாக இறங்கியவன் குலேந்திரன். கோட்டும் ரையும் கட்டியிருந்தான். தட்டத்தில் கையை வைத்துக்கொண்டு என்னை நேரே பார்க்காமல் கேட்டான்:

"அண்ணை, வானை எங்க விட?"

அத்தனை வருசம் ஸ்கைடோம் பக்கத்தில் ஆயிரக்கணக்கான கார்களுக்கு இடம் காட்டியவன் நான். தட்டத்தை றோசலினிடம் கொடுத்தேன். றோட்டில் இறங்கி நின்று, இரண்டு கையையும் உயர்த்தி, "வா, வா, இன்னும் வா, ஒடி, போதும்" என்று காட்டினேன். வான் கேற்றுக்குக் குறுக்காக, ஒரு சைக்கிளும் உள்ளே போகாதபடி, அழகாக நின்றது. என் சீவியத்தில் அப்படி ஒரு வாகனத்தை விட்டதில்லை.

மத்தியானம் பொலிஸ் வந்து வானை எடுக்கச் சொன்னது, எடுத்தோம். அதனால் ஒன்றும் ஆகவில்லை. பட்டுச் சேலைக்காரரைப் பற்றி ஸ்காபரோ முழுக்கத் தொலைபேசியில் கதை பரவிவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கேற்றுக்கு ஆள் ஏற்ற எந்த வான்காரனுக்கும் எங்கள் சனத்தில் ஒருவரும் கிடைக்கவில்லை. வேறு இடத்தில் ஆள் பிடித்துப் பார்த்தார்கள். மடிப்பு வேலை நேற்று வந்தவனுக்கு வராது, ஹொட்டேல்கள் சுருக்கம் விழுந்த விரிப்பைத் திருப்பி அனுப்பின. மாசி பிறக்க முன் நிருவாகம் இறங்கி வந்தது. மடிப்புப் பகுதி ஏஜென்சிக்குப் போகவில்லை. இளவேனிலில் ஆள் எடுத்தபோது பூங்கோதையும் இன்னும் இரண்டு பேரும் உள்ளே போனார்கள், முழுநேர வேலையாக. யோகமலர் கேட்பேன் என்றாள், கேட்டாள்.

குலேந்திரன் என்னோடு கோபமா என்று பலர் கேட்டார்கள். அந்தச் சித்திரையில் ஸ்கைடோமில் முதல் ஆட்டத்தன்று அவனுடைய வெள்ளை வான் என் லொட்டுக்குள் வந்தது. கதவு இழுபட, மரியா, றோசலின், பூங்கோதை எல்லாரும் நீலத் தொப்பியோடு இறங்கினார்கள். யோகமலர் கடைசியாக இறங்கி, ஒரு ரிக்கெற்றை என் சட்டைப் பைக்குள் வைத்தாள். "இண்டைக்கு லீவு சொல்லுங்கோ" என்றாள். சொன்னேன். அன்றும் ஒருவன் தடியை மூன்று தரம் காற்றில் வீசிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனான். என் மனைவி எழும்பி நின்று கைதட்டினாள். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. நானும் எழும்பினேன்.

முன் வரிசையில் இருந்த எங்கள் ஆள் ஒருவர் திரும்பிப் பார்த்து, "என்ன சிறி அண்ணை, நீங்கள் பெரிய பேஸ்போல் ரசிகர் போல! அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறியள்" என்றார்.

"இல்லைத் தம்பி" என்றேன். "பார்க்கிறவா அவாதான். நான் சும்மா பக்கத்தில இருக்கிறவன்."